பையன் பாரீசில், வீட்டுப் பத்திரம் பாங்கியில்! படிக்கப் போனானா, ஊர் சுற்றப் போனானா?

நெமிலிச்சேரி,–

"உங்க பையன் ஜெர்மனிக்குப் படிக்கத்தானே போனான்? நேத்து ஈபிள் டவர், இன்னிக்கு வெனிஸ் படகு... காலேஜுக்கு எப்போ போறான்?"

திருவள்ளூர் மார்க்கத்து லோக்கலில், மளிகைக் கடை வாசலில், ரேஷன் க்யூவில் இப்போது அடிபடும் பேச்சு இதுதான். வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகள் செல்போனில் போடும் படங்கள், அடுத்த அரை மணி நேரத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிடுகின்றன. பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? "கடன் வாங்கி அனுப்பினா, அவன் ஜாலியா சுத்துறான்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். பெற்ற அப்பனுக்கே சில சமயம் சந்தேகம் வந்துவிடுகிறது.

சந்தேகம் வருவதில் தப்பில்லை. ஆனால் தப்பான இடத்தில் வருகிறது. இந்த விவகாரத்தைக் கொஞ்சம் விலாவாரியாகப் பார்ப்போம்.

மனை கொடுத்த தைரியம்

ஒரு காலத்தில் நெமிலிச்சேரி என்றால் பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவில் வரும் சின்ன ஸ்டேஷன், அவ்வளவுதான். ஆவடி டாங்கி பாக்டரியிலும், அம்பத்தூர் எஸ்டேட்டிலும் வேலை பார்த்தவர்கள் சீட்டுப் பிடித்து, பி.எப். லோன் போட்டு இந்தப் பக்கம் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்டார்கள். பிறகு வந்தது நானூறு அடி ரோடு. வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரை சுமார் 30 கிலோமீட்டர் 2014-ல் திறந்தார்கள். நெமிலிச்சேரியிலிருந்து மீஞ்சூர் வரை மிச்ச 30 கிலோமீட்டர் 2021-ல் முடிந்தது. 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க்கும் வந்துவிட்டது. நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது.

அந்த நிலம்தான் இன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சீமைப் படிப்பு வாங்கித் தருகிறது. பொதுத்துறை பாங்கிகளில் கல்விக் கடன் பொதுவாக நான்கு லட்சம் வரை ஜாமீன் இல்லாமல் கிடைக்கும். அதற்கு மேல் ஏழரை லட்சம் வரை இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்து ஜாமீன். வெளிநாட்டுப் படிப்பு ஏழரை லட்சத்துக்குள் அடங்குமா? அடங்காது. ஆகவே வீட்டுப் பத்திரம் பாங்கி பெட்டகத்துக்குள் போய்விடுகிறது.

எனவே கேள்வி பையன் பாரீஸ் போனது சரியா என்பதல்ல. அந்தப் பத்திரம் திரும்பி வருமா என்பதுதான்.

ரயில் பாஸ் ரகசியம்

முதலில் ஊர் சுற்றல் விவகாரத்தை முடித்துவிடுவோம். இதில் நம்ம ஆட்கள் நினைப்பதற்கும் நடப்புக்கும் ரொம்ப தூரம்.

நாம் இங்கிருந்து பாரீஸ் போவதென்றால் விமான டிக்கெட்டே பெரும் தொகை. ஜெர்மனியில் படிக்கிற பையனுக்கு அப்படி இல்லை. பக்கத்து நாடு என்பது நமக்கு அரக்கோணம், காட்பாடி மாதிரி. ரைன் நதிக்கு இந்தப் பக்கம் கேல் என்ற ஜெர்மன் ஊர். அந்தப் பக்கம் ஸ்ட்ராஸ்பர்க், பிரான்ஸ். 2017 முதல் இரண்டுக்கும் நடுவே டிராம் ஓடுகிறது. நாடு விட்டு நாடு டிராமில்!

ஜெர்மனியில் 2023 மே முதல் தேதி ஒரு மாதச் சீட்டு கொண்டு வந்தார்கள். நம் சீசன் டிக்கெட் மாதிரிதான், ஆனால் நாடு முழுக்கச் செல்லும். டவுன் பஸ், டிராம், மெட்ரோ, சாதாரண ரயில் எல்லாவற்றிலும் ஏறலாம். எக்ஸ்பிரஸ் வண்டியில் மட்டும் செல்லாது. ஆரம்பத்தில் 49 யூரோ. 2025 ஜனவரியில் 58 ஆக்கினார்கள், 2026 ஜனவரியில் 63. பல பல்கலைக்கழகங்களில் மாணவனுக்கு இதைவிடக் குறைவு. இந்தச் சீட்டை வைத்துக்கொண்டு மூனிக்கில் ஏறினால் ஆஸ்திரியாவில் இருக்கும் சால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரை போய் இறங்கலாம். தனியாக டிக்கெட் கிடையாது. பையன் சால்ஸ்பர்க் கோட்டை முன்னால் நின்று படம் போடுகிறான் என்றால், அன்றைக்கு அவனுக்கு ஆன செலவு ஒரு ரொட்டியும் காப்பியுமாகத்தான் இருக்கும்.

வாலிபர்களை ஊர் சுற்ற வைப்பது ஐரோப்பியர்களுக்குப் புதிதல்ல. 1972-லேயே 21 வயதுக்குட்பட்டவர்களுக்கென்று பல நாட்டு ரயில்களில் செல்லும் ஒரே பாஸ் போட்டார்கள். அதன் பெயர் இன்டர்ரெயில். 1987-ல் எராஸ்மஸ் என்று ஒரு திட்டம்; ஒரு நாட்டு மாணவன் இன்னொரு நாட்டுக் கல்லூரியில் ஒரு பருவம் படித்துவிட்டு வரலாம். முதல் வருஷம் 11 நாடுகள், 3,244 மாணவர்கள்தான். இன்று நம் பிள்ளைகளும் அந்தத் திட்டத்தின் ஒரு கிளையில் உதவித்தொகை வாங்கிக்கொண்டு இரண்டு, மூன்று நாடுகளில் மாறி மாறிப் படித்து ஒரே பட்டம் வாங்குகிறார்கள். அவன் ஒரு செமஸ்டர் ஸ்பெயினில் இருந்தால் அது சுற்றுலா இல்லை, பாடத்திட்டம்!

ஆகவே தெருவில் பேசுகிறவர்கள் கொஞ்சம் நாக்கை அடக்கலாம்.

தொண்ணூறு நாள் கணக்கு

அதற்காக இஷ்டத்துக்குச் சுற்றலாமா? கூடாது. இங்கேதான் பல பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள்.

1985-ல் லக்சம்பர்க் நாட்டில் ஷெங்கன் என்ற ஆற்றங்கரைக் கிராமத்தில் ஐந்து நாடுகள் கையெழுத்துப் போட்டன, எல்லைச் சோதனையை எடுத்துவிடுவோம் என்று. இன்று அதில் 29 நாடுகள். ஜெர்மனியில் குடியிருப்பு அட்டை வாங்கிய மாணவன் மற்ற 28 நாடுகளுக்கும் விசா இல்லாமல் போகலாம். ஆனால் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. அங்கே போய் வேலை செய்யவும் கூடாது.

இங்கிலாந்தும் அயர்லாந்தும் இந்தக் கூட்டத்தில் இல்லை. லண்டனில் படிக்கிற பெண், "பக்கத்துலதானே பாரீஸ்" என்று ரயிலேற முடியாது. தனியாக ஷெங்கன் விசா வேண்டும். 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ. அதே மாதிரி பெர்லினில் படிக்கிறவன் லண்டன் பார்க்க வேண்டுமென்றால் பிரிட்டிஷ் விசா. இது தெரியாமல் டிக்கெட் போட்டுவிட்டுப் பணம் இழந்தால் யாரைக் கேட்பது?

முன்பெல்லாம் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவார்கள். ஒரு நாள், இரண்டு நாள் கூடினால் கவனிக்காமல் விட்டாலும் விடுவார்கள். 2025 அக்டோபர் 12-ந் தேதியிலிருந்து அந்தக் கதை மாற ஆரம்பித்தது. விசாவில் குறுகிய காலம் வந்து போகிறவர்களின் முகத்தையும் கைரேகையையும் பதிவு செய்து, கம்ப்யூட்டரே நாளை எண்ணுகிறது. லண்டனிலிருந்து சுற்றிப் பார்க்க வருகிற பிள்ளைகளுக்கு இது பொருந்தும்.

இன்னொன்று. எல்லைச் சோதனை இல்லை என்பதை அப்படியே நம்பிவிட வேண்டாம். ஜெர்மனி 2024 செப்டம்பர் 16 முதல் எல்லா நில எல்லைகளிலும் சோதனை போட்டது. ரயிலில் போலீசார் ஏறி அட்டை கேட்கலாம். ரூமில் பாஸ்போர்ட்டை வைத்துவிட்டு டீ-சர்ட்டோடு சால்ஸ்பர்க் போனால் திரும்பி வரும்போது வியர்க்கும். பாரீஸ் மெட்ரோவில் பிக்பாக்கெட் ஆசாமிகள் கைவரிசை வேறு. நம்ம பாரிமுனை ஆட்கள் பிச்சை வாங்க வேண்டும்! பாஸ்போர்ட் போனால் முதலில் உள்ளூர் போலீசில் புகார், அந்தத் தாளோடு இந்தியத் தூதரகம். இதில் தாமதம் கூடாது.

உயிர் விஷயமும் இருக்கிறது. 2024 ஜூனில் ரஷ்யாவில் வோல்கோவ் ஆற்றில் நான்கு இந்திய மருத்துவ மாணவர்கள் மூழ்கி இறந்தார்கள். கரையோரம் நடந்து களித்த பிள்ளைகள். அங்கே கோடைக்காலத்திலும் ஆற்றுத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். நம்ம ஏரியில் நீச்சல் அடித்த தைரியம் அங்கே உதவாது.

ஏஜெண்டு ஆசாமிகள்

இப்போது பணம் உண்மையில் எங்கே ஓட்டை விழுந்து போகிறது என்று பார்ப்போம்.

"ஜெர்மனியில் இலவசப் படிப்பு, நூறு சதவீத விசா கேரண்டி" என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரும் மோசடிப் பேர்வழிகள் என்று சொல்லவில்லை. ஆனால் விசா கேரண்டி என்று யார் சொன்னாலும் அது புளுகு. விசா கொடுப்பது போட் கிளப் சாலையில் இருக்கும் ஜெர்மன் துணைத் தூதரகத்தின் வேலை, போர்டு மாட்டியவர் வேலை அல்ல.

நேரடியாகப் போட்டால் என்ன செலவு? கணக்குப் போடுங்கள். இந்தியச் சான்றிதழ்கள் அசலா என்று சோதித்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றுக்கு 18,000 ரூபாய். போலிச் சான்றிதழ் தொல்லை தாங்காமல்தான் 2022 நவம்பர் முதல் தேதியிலிருந்து இதைக் கட்டாயமாக்கினார்கள். பல பல்கலைக்கழகங்களுக்குச் சேர்த்து விண்ணப்பம் வாங்கும் யூனி-அசிஸ்ட் அமைப்புக்கு முதல் விண்ணப்பம் 75 யூரோ, அடுத்து ஒவ்வொன்றும் 30 யூரோ. ஐந்து இடத்துக்குப் போட்டால் 195 யூரோ. விசா கட்டணம் 75 யூரோ. யூரோ நூறு ரூபாய் என்று வைத்தால், ஆங்கிலத் தேர்வுச் செலவு நீங்கலாக எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய்! இதற்கு மேல் ஒருவர் லட்சக்கணக்கில் கேட்டால், எதற்கு என்று ரசீதோடு கேட்க வேண்டாமா?

வேலைக்கு ஆள் அனுப்புகிறவன் 1983-ம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்ய வேண்டும். படிப்புக்கு அனுப்புகிறவனை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. இந்தச் சந்து வழியாகத்தான் ஆசாமிகள் புகுந்து புறப்படுகிறார்கள். 2023-ல் கனடாவில் வெளிவந்த விவகாரம் ஞாபகம் இருக்கிறதா? பஞ்சாப் பிள்ளைகள் பெரும்பாலும். கல்லூரி அனுமதிக் கடிதமே போலி. பல வருஷம் கழித்து, நிரந்தரக் குடியுரிமைக்கு மனுப் போட்டபோதுதான் தெரிந்தது. கடிதம் வாங்கிக் கொடுத்த ஏஜெண்டு கம்பி நீட்டிவிட்டார், பிறகு பிடிபட்டார். பிள்ளைகள் தெருவில் நின்றார்கள்.

போலி என்று கூடச் சொல்ல முடியாத சங்கதியும் உண்டு. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-ல் வாங்க ஆரம்பித்தது. ஆனால் "ஜெர்மனி இலவசம்" என்று வலை வீசிவிட்டு, கடைசியில் ஆயிரக்கணக்கான யூரோ கட்டணம் உள்ள தனியார் கல்லூரியில் தள்ளிவிடுவார்கள். ஏன்? கமிஷன் அங்கேதான். 2025-ல் பெர்லினில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்த இந்திய மாணவர்களுக்கு, "உங்கள் பாடம் பெரும்பாலும் ஆன்லைனில் நடப்பது, இதற்கு இங்கே தங்கத் தேவையில்லை" என்று அதிகாரிகள் குடியிருப்பு அனுமதியை மறுத்தார்கள். கடன் வாங்கிக் கட்டிய பணம் கட்டியதுதான்.

அடைத்து வைத்த பணம்

இன்னொரு குழப்பம். "பிளாக்டு அக்கவுண்டு" என்று 11,904 யூரோ கட்டச் சொல்வார்கள். இது கட்டணம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. அது பிள்ளையின் பெயரில் இருக்கும் பிள்ளையின் பணம். அங்கே போனதும் மாதம் 992 யூரோ வீதம் கைக்கு வரும். வாடகை, சாப்பாடு, இன்ஷூரன்ஸ் எல்லாம் அதிலிருந்து. இதை ஏஜெண்டு கணக்கில் கட்டச் சொன்னால் அன்றைக்கே எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தத் தொகை 2021-ல் 10,332 யூரோவாக இருந்தது. 2023-ல் 11,208. 2024 செப்டம்பரில் 11,904. யூரோவில் பார்த்தால் ஏற்றம் கொஞ்சம்தான். ரூபாயில் பாருங்கள். 2022 செப்டம்பர் வாக்கில் ஒரு யூரோ 80 ரூபாய். அன்று 10,332 யூரோ என்றால் எட்டே கால் லட்சம். 2025 பிற்பகுதியில் யூரோ நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. 11,904 யூரோவுக்குப் பன்னிரண்டு லட்சம். மூன்றே வருஷத்தில் மூன்றே முக்கால் லட்சம் கூடிவிட்டது. பையன் பாரீஸ் போகவில்லை, வெனிஸ் போகவில்லை, ரூமிலேயே உட்கார்ந்திருந்தாலும் இந்தப் பணம் போயிருக்கும்! தெருவில் இதைப் பற்றி யாராவது பேசுகிறார்களா?

இப்போது கடன். பதினைந்து லட்சம், பத்து சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருஷம் படிப்பு, ஒரு வருஷம் தவணை விடுப்பு. இந்த மூன்று வருஷமும் ஒன்றும் கட்டாவிட்டால் சாதா வட்டியே நாலரை லட்சம் ஏறிவிடும். அசல் பத்தொன்பதரை. பத்து வருஷத்தில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 25,800 ரூபாய். பையன் ஐரோப்பாவில் வேலை கிடைத்து யூரோவில் சம்பளம் வாங்கினால் இது 258 யூரோ, லேசாகக் கட்டிவிடுவான். வேலை கிடைக்காமல் ஊர் திரும்பி, இங்கே முதல் சம்பளத்தில் இதைக் கட்ட வேண்டும் என்றால் முதுகு ஒடியும். படிக்கிற காலத்திலேயே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டி வந்தால், 12,500 ரூபாய்தான், அசல் ஏறாது. இதை பாங்கியில் தானாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

2025 ஏப்ரல் முதல், கல்விக் கடனிலிருந்து அனுப்பும் பணத்துக்கு டி.சி.எஸ். வரிப் பிடித்தம் இல்லை. சொந்தச் சேமிப்பிலிருந்து அனுப்பினால் வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்குப் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்குக் காட்டும்போது திரும்ப வாங்கலாம். குமாஸ்தா உத்தியோகம் பார்க்கிறவர்கள் பலர் இதைக் கேட்டு வாங்காமலே விட்டுவிடுகிறார்கள்.

பார்ட் டைம் மாயை

"அங்கே போய் பார்ட் டைம் வேலை பார்த்து நானே கட்டிடறேன்பா" என்று பையன் சொல்வான். பாதி உண்மை. 2024 மார்ச் முதல் மாணவன் வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். 2026-ல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. முழுசாக வேலை கிடைத்தால் பிடித்தம் போகாமல் பதினைந்தாயிரம் யூரோவுக்கு மேல். கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் 2024-25 குளிர்காலப் பருவத்தில் அங்கே படித்த இந்தியர்களே அறுபதாயிரத்தை நெருங்கிவிட்டார்கள். வெளிநாட்டு மாணவர்களில் நம்மவர்கள்தான் முதலிடம். அத்தனை பேருக்கும் கடையில், கிடங்கில் வேலை எங்கிருந்து வரும்? ஜெர்மன் பேசத் தெரிந்தவனுக்கு முதலில் கிடைக்கும். ஆங்கிலத்தில் பாடம், ஆகவே ஜெர்மன் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய ஏஜெண்டு இங்கே ஏ.சி. ரூமில் இருப்பார். நுங்கம்பாக்கத்தில் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது. ஆறு மாசம் முன்னாலேயே அங்கே போய் உட்கார்ந்தவன் பிழைத்தான்.

இங்கிலாந்தும் கெடுபிடி ஆகிவிட்டது. படிப்பு முடித்து இரண்டு வருஷம் தங்கி வேலை தேடலாம் என்றிருந்ததை, 2027 ஜனவரி முதல் மனுப் போடுகிறவர்களுக்குப் பதினெட்டு மாதமாகக் குறைக்கிறார்கள். டாக்டர் தவிர.

உக்ரைன் நாள்கள்

டாக்டர் என்றதும் உக்ரைன் ஞாபகம் வருகிறது. 2022 பிப்ரவரி 24-ல் போர் வெடித்தபோது தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 1,800-க்கும் மேற்பட்டோர் அங்கே இருந்தார்கள். மருத்துவப் படிப்பு. இங்கே தனியார் கல்லூரியில் கேட்கும் பணத்தில் ஒரு பங்குக்கு அங்கே படிக்கலாம் என்று போனவர்கள். போலந்து, ருமேனியா, ஹங்கேரி எல்லைகளை அவர்களும் பார்த்தார்கள், பனியில் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து. மார்ச் 12-ந் தேதி கடைசிக் குழு மீனம்பாக்கத்தில் வந்து இறங்கியது. உயிர் தப்பியது பெரிசு. ஆனால் பாதியில் நின்ற படிப்பு? இந்தியக் கல்லூரிகளில் சேர்த்துக்கொள்ள தேசிய மருத்துவ ஆணையம் ஒப்புக்கொள்ளவில்லை. வேறு நாட்டுக் கல்லூரிக்கு மாறிப் படிக்க 2022 செப்டம்பரில் வழி விட்டார்கள். மறுபடி ஒரு விமான டிக்கெட், மறுபடி ஒரு கட்டணம். பழைய கடன் அப்படியே.

நாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தை மட்டும் பார்க்கிறோம். நிலவரம் கெட்டால் எந்த எல்லை வழியாக வெளியே வருவது என்று யார் யோசிக்கிறார்கள்? குறைந்தபட்சம், போய் இறங்கிய வாரத்திலேயே இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மதத் என்று வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளம் இருக்கிறது. புகாரைப் போட்டால் எண் கொடுப்பார்கள், அதை வைத்து விரட்டலாம்.

மேல்நாட்டுப் படிப்பே வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. கிண்டியில் ஐ.ஐ.டி. வந்ததே 1959-ல் மேற்கு ஜெர்மனி கொடுத்த உதவியில்தான். அந்தக் காலத்தில் அவர்கள் இங்கே வந்து சொல்லிக் கொடுத்தார்கள், இப்போது நாம் அங்கே போய்க் கற்றுக்கொள்கிறோம். பஸ் கண்டக்டர் மகனும் காய்கறிக் கடைக்காரர் மகளும் போகிறார்கள் என்பது இந்த இருபது வருஷத்தில் வந்த மாற்றம். நல்ல மாற்றம்.

போகிற பிள்ளையிடம் வாரக் கடைசியில் எங்கே போகிறாய் என்று துருவ வேண்டாம். இந்த செமஸ்டரில் எத்தனை பாடம் பாஸ், ஜெர்மன் எந்த நிலைக்கு வந்திருக்கிறது, குடியிருப்பு அட்டை என்றைக்கு முடிகிறது — இந்த மூன்றையும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அப்போது கவலைப்படலாம்.

வருகிற வருஷம் அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து, ஜெர்மன் விசா மறுக்கப்பட்டால் தூதரகத்திலேயே மறுபரிசீலனைக்கு மனுப் போடும் வசதியை எடுத்துவிட்டார்கள். மறுபடி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெர்லின் கோர்ட்டுக்குப் போக வேண்டும். முதல் தடவையே காகிதம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அர்த்தம். பாஸ்போர்ட் விசாரணைக்கு இந்தப் பக்கம் 2022-லிருந்து ஆவடி கமிஷனரேட் போலீசார்தான் வருகிறார்கள். முகவரி மாறியிருந்தால் முன்கூட்டியே சரி செய்துகொள்ளவும். குளிர்காலப் பருவத்துக்கு ஜெர்மனியில் பல பல்கலைக்கழகங்களின் கடைசித் தேதி ஜூலை 15. ஏ.பி.எஸ். சான்று அதற்கு முன்னாலேயே கையில் இருக்க வேண்டும். அதற்குச் சில வாரம் பிடிக்கும்.

– நமது நிருபர்